என் லேப்டாப்புக்கு ஒன்றும் ஆகவில்லை

மதியம் இரண்டு மணிக்கு மேல் மாம்பலம் ஸ்டேஷனுக்கு வரும் ரயில்கள் கொஞ்சம் இடைவெளி விட்டு வரும். அந்த இடைவெளியில்தான் நான் வரைவேன். மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. தண்டவாளம் கண்ணில் படாது, சத்தம் மட்டும் வரும். திரையில் ஒரு கொடியை இழுத்துக்கொண்டே போவேன். அது வளைந்து, இலை விட்டு, இன்னொரு வளைவுக்குத் திரும்பும்போது கண் செருகும். விழித்துப் பார்த்தால் கொடி கொஞ்சம் நீண்டிருக்கும். நான் வரைந்தேனா, கை தானாக வரைந்ததா என்று தெரியாது. அந்த வருடங்களில் என் மதியங்கள் எல்லாம் இப்படித்தான் கழிந்தன.

மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் பல வருடம் டிராயிங் டீச்சராக இருந்தேன். முதுகு வலியால் வேலையை விட்டேன். அதற்குப் பிறகு ரவிக்கைகளுக்கு எம்பிராய்டரி டிசைன் வரைந்து கொடுக்க ஆரம்பித்தேன். என்னிடம் இருந்தது பழைய லேப்டாப். ஒரு கட்டத்தில் அதைத் திறந்து வைத்துவிட்டுக் காபி போட்டுக் குடித்து முடித்தாலும் அது விழித்திருக்காது. பெங்களூரிலிருந்து வந்த தம்பி அதிலிருந்த விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தான்.

"அக்கா, இனிமே உனக்கு வைரஸ் பயமே இல்ல. வர்றதெல்லாம் விண்டோஸுக்குத்தான்" என்றான்.

அதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இந்த வயதிலும் எனக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை என்று கேட்காமலே சொல்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் போல, போகிற இடமெல்லாம் என் லேப்டாப்பின் ஆரோக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் வரைந்த டிசைன்கள் பெரும்பாலும் தி.நகரில் ஒரு கடைக்குத்தான் போகும். உஸ்மான் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், முதல் மாடியில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி கடை. அதை நடத்துகிறவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வீட்டில் உருது பேசுகிற குடும்பம். அவர் அப்பா காலத்திலிருந்தே அந்தச் சந்தில் இருக்கிறார்கள். கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அவரை ஆபா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். நான் வரைந்த கோட்டை ஊசிக்குப் புரிகிற மாதிரி தையலாக மாற்ற வேண்டும். அதைப் பஞ்சிங் என்பார்கள். ஆபா அதில் கெட்டிக்காரர். அவருடைய மேஜைக் கம்ப்யூட்டரில் விண்டோஸ். அவர் பயன்படுத்தும் பஞ்சிங் மென்பொருள் வேறு எதிலும் ஓடாது. எம்பிராய்டரி மெஷினோடு ஒட்டிக்கொண்டு வந்த சின்னக் கம்ப்யூட்டரிலும் விண்டோஸ்தான், ஆனால் மிகப் பழையது. அதைத் தொட்டால் மெஷின் நின்றுவிடும் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னதால் யாரும் அதைப் புதுப்பித்ததில்லை.

அந்த வருடம் ஆடி முடிந்த சமயத்தில், சாந்தோம் பக்கம் குடியிருக்கும் என் பழைய சக ஆசிரியை கூப்பிட்டார். பள்ளியில் அவர் கணக்கு, நான் டிராயிங். கிறிஸ்தவப் பள்ளி என்பதால் ஒருவரையொருவர் மிஸ் என்றே பழகிவிட்டோம். இருவரும் பள்ளியை விட்டு வந்த பிறகும் அது மாறவில்லை.

"மிஸ், எங்க கோயில் பீட விரிப்பு நைஞ்சு போச்சு. அதே டிசைன்ல புதுசு பண்ணணும். மாதா திருவிழாவுக்குள்ள முடியுமா?"

போனேன். கடல் காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் உப்புப் பூத்த வீடு. முன்னறை மேஜையில் மகள் வாங்கிக் கொடுத்த மேக் இருந்தது, மேலே குரோஷா துணி போர்த்தியிருந்தது. துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, பழைய விரிப்பைப் பகுதி பகுதியாக எடுத்த படங்களைக் காட்டினார். கோதுமைக் கதிர், திராட்சைக் கொத்து, நடுவே ஓடும் ஒரு மெல்லிய கொடி. நூல் பல இடங்களில் போய்விட்டிருந்தாலும் ஊசி நுழைந்த துளைகள் வரிசையாகத் தெரிந்தன. அந்தத் துளைகளைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. டீ ஆறிப்போயிருந்தது.

"வாட்ஸ்அப்புல அனுப்பினா படம் நசுங்கிடுது மிஸ். இதுல போட்டுத் தர்றேன்" என்று ஒரு பென் டிரைவை எடுத்தார். கோயில் பாடகர் குழுவினுடையது. பாட்டுத்தாள் அச்சடிக்க ஜெராக்ஸ் கடைக்கெல்லாம் போய்வருவது.

"இதுல ஏதோ குப்பையெல்லாம் இருக்கு. பயப்படாதீங்க. என் பொண்ணு சொல்லியிருக்கா, மேக்குல வைரஸ் ஏறாதாம்."

"என்னோடதுலயும் ஏறாது மிஸ்" என்றேன் நான்.

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்து பென் டிரைவைச் செருகினேன். படங்கள் ஒரு ஃபோல்டரில் இருந்தன. பக்கத்தில் பாட்டுத்தாள்கள் என்று ஒரு ஃபோல்டர், அதே பெயரில் ஒரு சின்னஞ்சிறு ஃபைல், அதற்கும் கீழே உச்சரிக்கவே முடியாத எழுத்துகளில் இன்னொரு ஃபைல். பார்த்தவுடனே புரிந்தது, இது யாருடைய விண்டோஸிலிருந்தோ ஒட்டிக்கொண்டு வந்தது என்று. கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கும் பாம்பைப் பார்ப்பது போல அதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். அதை அழிக்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. என்னை ஒன்றும் செய்யாது என்று அப்படியே விட்டுவிட்டேன்.

பத்து நாள் கதிரும் கொடியும்தான். தூக்கத்தில்கூடக் கொடி ஓடியது. முடிந்ததும், என்னுடைய பென் டிரைவ் ஆபாவிடமே இருந்ததால், பாடகர் குழுவின் பென் டிரைவிலேயே போட்டு எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் மேம்பாலம் ஏறி இறங்கி தி.நகர் போனேன்.

ஆபா அதைத் தன் கம்ப்யூட்டரில் செருகினார். அவர் திரையில் பாட்டுத்தாள்கள் ஒரு ஃபோல்டர் போலவே தெரிந்தது, மூலையில் சின்ன அம்புக்குறியோடு. அவர் அதை அமுக்கினார்.

"அது இல்ல ஆபா, பக்கத்துல இருக்கே, அது."

"இதுவா? சரி சரி."

அவ்வளவுதான் நடந்தது. அம்புக்குறியை நானும் பார்த்தேன். மனது எங்கேயோ இருந்தது. கதிரின் நுனியில் தங்க நூல் போடலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் காலையில் ஆபாவிடமிருந்து போன்.

"ம்மா, கொஞ்சம் வர்றியா? கடைல ஒண்ணுமே காணோம்மா."

போனபோது மெஷின் நின்றிருந்தது. எப்போதும் படியேறும்போதே கேட்கும் அந்தத் தடதடப்பு இல்லாமல் கடை வேறு ஏதோ இடம் போல இருந்தது. ஃபிரேமில் ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ரவிக்கைத் துணி, கழுத்து வேலை பாதியில். மேஜைக் கம்ப்யூட்டரில் இருந்த ஃபோல்டர் எல்லாம் வெறும் அம்புக்குறிகளாகியிருந்தன. டிசைன்களைப் பத்திரமாக வைத்திருந்த ஹார்ட் டிஸ்கிலும் அதே கதி. அங்கிருந்து ஒரு டிசைனை மெஷினுக்கு எடுத்துப் போனபோது மெஷினின் பழைய கம்ப்யூட்டரும் படுத்துவிட்டது.

"யார் வேலைன்னு எனக்குத் தெரியும்" என்று ஆபா போனை எடுத்தார். பாண்டி பஜார் பக்கம் கடை வைத்திருக்கும் ஒரு டெய்லர் அதற்கு முந்தின நாள் பென் டிரைவில் ஏதோ டிசைன் கொண்டுவந்திருக்கிறார். பல வருடமாக ஆபாவுக்கு வேலை கொடுப்பவர், ஆபாவிடம் வேலை வாங்குபவர்.

"இன்னா பாய், எங்கெங்கியோ குத்தி எடுத்த டிரைவ இங்க கொண்டாந்து குத்திட்டியே. என் பொழப்பே நின்னுகினு கீது. இனிமே நீ படியேறாத."

அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ஆபா வைத்துவிட்டார். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். திரையில் அம்புக்குறிகளுக்குக் கீழே உச்சரிக்க முடியாத ஒரு பெயர் இருந்தது. எங்கோ பார்த்த முகம் போல இருந்தது. எங்கே என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது, ஆனால் தெரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "அய்யோ பாவம்" என்று மட்டும் சொன்னேன். அது ஆபாவுக்கா டெய்லருக்கா என்பதைக்கூட அவர் கேட்கவில்லை.

ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் யார் தோளில் இடித்தேன் என்றே தெரியாமல் திரும்பினேன். வீட்டில் பாடகர் குழுவின் பென் டிரைவைச் செருகிப் பார்த்தேன். அதே பெயர். ஓர் எழுத்துகூட மாறவில்லை. அது பென் டிரைவில் ஏறிய தேதியும் பக்கத்தில் இருந்தது. டெய்லர் ஆபாவின் படியேறுவதற்கு எத்தனையோ நாள் முந்தியது.

தம்பிக்குப் போன் செய்தேன்.

"வைரஸே வராதுன்னு சொன்னியேடா?"

"உனக்கு வராதுக்கா. அது விண்டோஸுக்குன்னு எழுதின புரோகிராம், லினக்ஸ்ல ஓடாது. ஆனா ஃபைலா அது பாட்டுக்கு உக்காந்திருக்கும்ல? நீ எடுத்துட்டுப் போற இடத்துக்கு வரும்."

"அப்போ லினக்ஸும் மேக்கும் நல்லதுன்னு சொல்றதெல்லாம்?"

"நல்லதுதான். லினக்ஸ்ல எதை நிறுவணும்னாலும் உன்கிட்ட பாஸ்வேர்டு கேக்கும். மேக் ஒரு புரோகிராம் எங்கேர்ந்து வந்துதுன்னு பாக்கும். ஆனா அதுங்களுக்குன்னும் எழுதுறாங்கக்கா, கம்மியா. விண்டோஸ உலகத்துல நிறைய பேர் வெச்சிருக்காங்க, அதனால எழுதறவன் அதத்தான் குறி வெக்கறான். புது விண்டோஸ ஒழுங்கா அப்டேட் பண்ணி வெச்சிருந்தா அதுவும் நல்லாவே தாங்கும். அந்த மெஷின்ல இருக்கற மாதிரி பழசுக்குத்தான் கஷ்டம், அதுக்கு இப்ப யாரும் மருந்து அனுப்பறதில்ல." பிறகு அவனே சொன்னான், "நான் அன்னிக்கு இதெல்லாம் சொல்லாம சும்மா வராதுன்னுட்டேன். தப்பு என்மேலதான்."

அவன்மேல் போட்டுவிட்டால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். ஆனால் அந்த ஃபைலைப் பார்த்தது நான். என்னவென்று புரிந்துகொண்டதும் நான். ஒரு நிமிடம் செலவழிக்காததும் நான்தான். ஆபா போனில் கத்தியபோது அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்ததும் வேறு யாரும் இல்லை. அன்று மதியம் வரையவில்லை. ரயில்கள் போய்க்கொண்டிருந்தன. எதிர் மாடியில் காய்ந்த துணிகளை ஒருவர் எடுத்து, மடித்து, எண்ணாமல் அடுக்கிக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு வெயில் இறங்கும் வரை உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் கடை திறக்கும் நேரத்துக்கு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

"ஆபா, அது டெய்லர் கொண்டுவந்தது இல்ல. நான் கொண்டுவந்தது."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு நூல் உருளையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே கேட்டார்.

"உன் பொட்டிக்கு ஒண்ணும் ஆகலியா?"

"இல்ல ஆபா."

"நேத்து நான் அந்த மனுஷன் கிட்ட அவ்ளோ பேச்சு பேசறேன், நீ பக்கத்துல குந்திகினு கீற. தெரியுமா உனக்கு அப்பவே?"

"தெரியும்."

அவர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். கீழே சந்தில் ஒரு பூக்காரம்மா முழம் போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"மொதல்ல என் சாமான் கெடைக்குமா பாரு. அப்பால பேசலாம்."

அவருடைய ஹார்ட் டிஸ்கை என் லேப்டாப்பில் இணைத்தேன். முதலில் அம்புக்குறிகள் வந்தன. பிறகு, மறைந்திருப்பதையும் காட்டு என்ற இடத்தில் அமுக்கியதும், தண்ணீருக்கு அடியிலிருந்து எழுந்து வருவது போல ஒவ்வொன்றாக மேலே வந்தன. மயில் கழுத்து. மாங்காய் பார்டர். ரோஜாக் கொத்து. ஜிமிக்கி கை. எதுவும் போகவில்லை. வைரஸ் அவற்றை மறைத்துவிட்டு, அதே பெயரில் போலிகளை வாசலில் நிறுத்தியிருந்தது, அவ்வளவுதான். ஆபா என் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு பெயரையும் வாய்க்குள் படித்துக்கொண்டிருந்தார். எந்த டிசைன் எந்தப் பெண்ணின் கல்யாணத்துக்குப் போட்டது என்று நடுநடுவே சொன்னார். அது என்னிடம் சொன்னது போல இல்லை. கதவைப் பாதி சாத்தியிருந்த அந்த அறையில், நின்றுபோன மெஷினுக்குப் பக்கத்தில், முன்பின் தெரியாத எத்தனையோ பெண்களின் ரவிக்கைகள் என் கண்முன் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

போலிகளை அழித்து, டிசைன்களை வேறு ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைக்க மதியம் ஆகிவிட்டது. மேஜைக் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்து கொடுக்க ஒரு மெக்கானிக் வந்தார். மெஷினுக்குக் கம்பெனி ஆள் வர நாலு நாள் ஆனது. அவர் அதில் இருந்ததை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டியிருந்தது. மெஷினில் மட்டுமே இருந்த சில டிசைன்கள் அதோடு போயின. அதில் ஒன்று ஆபா தன் மகளின் நிக்காவுக்கு மெஷின் பக்கத்திலேயே நின்று திருத்தித் திருத்திச் செய்தது.

"நான் வரைஞ்சு தர்றேன் ஆபா. ரவிக்கையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க."

"வாணாம்மா. துணில கீதுல்ல, போதும்" என்றார். அதற்குப் பிறகு இரண்டு மூன்று முறை அவர் போனில் அந்த நிக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். நான் மறுபடி கேட்கவில்லை. கல்யாணப் பெண்ணின் ரவிக்கையை வேறு துணியில் முதலிலிருந்து போட்டுக் கொடுத்தார்.

இதற்கிடையில் டெய்லரைப் பார்க்கப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு தையல் மெஷின் மட்டும் பிடிக்கும் இடம். ஐம்பது வயது இருக்கும், கழுத்தில் இஞ்ச் டேப். நான் யார் என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். காலை மிதியிலிருந்து எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னிக்குப் பூரா நான் தைக்கலம்மா" என்றார் பிறகு. "எந்தக் கடைல குத்துனேன், எப்ப குத்துனேன்னு அதையே நெனச்சிகினு இருந்தேன். வீட்லயும் சொல்லிட்டேன், என்னாலதான் ஆபா கடை நின்னுபோச்சுன்னு."

"மன்னிச்சிடுங்க. அப்பவே நான் வாயைத் திறந்திருக்கணும்."

"தொறந்திருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தைத்துக்கொண்டிருந்த சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்தார். வெளியே வந்தபோது பாண்டி பஜாரின் அகலமான நடைபாதையில் மழை தூற ஆரம்பித்திருந்தது. யாரும் ஓடவில்லை. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நனைந்தேன். கொஞ்சம் லேசாக இருந்தது, முழுவதுமாக இல்லை.

மறுநாள் ஆபாவே அவரைப் பார்க்கப் போனார் என்று பிற்பாடு தெரிந்தது. என்ன பேசினார்கள் என்று இருவருமே சொல்லவில்லை. பீட விரிப்பின் ஓரம் தைக்க வேண்டும் என்று வந்தபோது, ஆபா அவரிடம்தான் அனுப்பினார்.

கணக்கு மிஸ்ஸிடமும் சொன்னேன். அவர் மேக்கின் மேல் போர்த்திய துணியையே பார்த்தார்.

"அப்போ இதுவும் உங்களது மாதிரிதானா? நோய் இல்லாம நோயைச் சுமக்குதா?"

"ஆமா மிஸ்."

"கடவுளே, நான் அந்த டிரைவைக் கோயில் ஆபீஸ் கம்ப்யூட்டர்லயும் போட்டேனே."

அவர் கணக்கு டீச்சர். அந்த பென் டிரைவ் எங்கெங்கே போயிருக்கும் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பயிற்சிக்கு நடுவில் எழுந்து நின்று, யார் யார் வீட்டில் அதைப் போட்டார்களோ அத்தனை பேரும் கம்ப்யூட்டரைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னாராம். ஜெராக்ஸ் கடைக்கு அவரே நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நானும் அன்றிலிருந்து யாருடைய டிரைவ் வந்தாலும் முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து, வேண்டாததை அழித்துவிட்டுத்தான் வரைய உட்காருகிறேன்.

திருவிழா மாலை ஆபாவையும் டெய்லரையும் மிஸ் கூப்பிட்டிருந்தார். ஆபா வெள்ளைத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். டெய்லர் தூணோரம் நின்றார். பீடத்தில் புது விரிப்பு. மெழுகுவர்த்திகளின் வெளிச்சத்தில் தங்க நூல் போட்ட கதிர் நுனிகள் அசைவது போல இருந்தது. எது என் கோடு, எது ஆபாவின் தையல் என்று எனக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. பாட்டு எழுந்தது. கண்ணை மூடினால் அந்தக் கொடி இன்னும் நீண்டு, பீடத்தைத் தாண்டி, திறந்திருந்த கதவு வழியாகக் கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அப்போது ஒரு காற்று வந்து விரிப்பின் வலது முனையைத் தூக்கியது. டெய்லர் தன்னை அறியாமல் இரண்டடி முன்னால் போய், நின்றுவிட்டார். கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் வந்து முனையை இழுத்துவிட்டு, அதன் மேல் ஒரு பூச்சாடியை நகர்த்தி வைத்தார்.

வெளியே வந்ததும் டெய்லர் சொன்னார். "ஓரத்துல கனமா எதனா வெச்சுத் தெச்சிருக்கணும். யோசிக்கல."

"பூசை முடிஞ்சு கழட்டுவாங்கல்ல? நாளைக்கே எடுத்தாந்து வெச்சுத் தெச்சிடு" என்றார் ஆபா.

மிஸ் எங்களுக்கு எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு நாங்கள் மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் தி.நகர் திரும்பினோம்.